பழைய ஸ்டீரியோ ரேடியோகிராம்: அடையாளம் காண்பது, பார்த்து வாங்குவது, சரிசெய்வது

அமராவதிக்கரை:
வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு ஊட்டு ஆசாரத்துல ரேடியோகிராம் ஒண்ணு விலைக்கு நிக்குது. அஞ்சடி நீளம், குட்டைக் கூம்புக் கால், நல்ல மினுக்குப் பாலிஷ். நடுவுல ரேடியோ, இடது மூடியத் தூக்குனா ரெக்கார்டு சேஞ்சர், ரெண்டு ஓரத்துலயும் ஸ்பீக்கர். கம்பெனிப் பட்டை கழண்டு போச்சு. பட்டன்கள் மேல யுகேடபிள்யூ, கேடபிள்யூ, எம்டபிள்யூ, எல்டபிள்யூ, டிஏ, டிபின்னு எழுத்து இருக்குது. பின்பலகை இல்லை, உள்ள எலி கூடு. இன்னும் கரண்ட் குடுக்கலீங்க. இது எந்த நாட்டுது, எந்தக் காலத்துது, எதையெல்லாம் பார்த்து வாங்கோணும்?

வால்வ்வெளிச்சம்:
கரண்ட் குடுக்காதது ரொம்ப நல்லதுங்க. சொல்ற வரைக்கும் பிளக் சுவத்துப் பக்கமே போக வேண்டாம்.

அந்தப் பட்டன் எழுத்தே பாதி ஊரைச் சொல்லிப்போடுது. யுகேடபிள்யூன்னா எஃப்எம், கேடபிள்யூன்னா ஷார்ட் வேவ், டிஏன்னா ரெக்கார்டு, டிபின்னா டேப். ஜெர்மன் சாமானுங்க. நம்ம நாட்டுல பண்ணுன பிலிப்ஸ், மர்ஃபி, புஷ், எச்எம்வி வால்வ் செட்டுகள்ல மீடியம் வேவ் ஒண்ணு, ஷார்ட் வேவ் ரெண்டு மூணு இருக்கும். லாங் வேவ் இருக்காது, எஃப்எம்மும் இருக்காது. மெட்ராஸ்ல எஃப்எம் வந்ததே 1977லதான். லாங் வேவும் எஃப்எம்மும் ஒட்டுக்கா இருந்தா அது ஐரோப்பிய ஊடுகளுக்காகப் பண்ணுனது.

காலத்துக்கு: ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958. அதனால 'ஸ்டீரியோ'ன்னு போட்ட எதுவும் அதுக்கு முன்னாடி இருக்காது. ஜெர்மனியில ஸ்டீரியோ எஃப்எம் ஒலிபரப்பு 1963ல ஆரம்பிச்சுது. டயல்ல ஸ்டீரியோ விளக்கு, சாசியில (வால்வ் எல்லாம் நிக்கற இரும்புத் தட்டு) தனி டிகோடர் பெட்டி ரெண்டும் இருந்தா 63 அல்லது அதுக்குப் பின்னாடி. ரெக்கார்டுக்கு மட்டும் ஸ்டீரியோன்னா பெரும்பாலும் அந்த நாலஞ்சு வருசத்துக்குள்ள வரும்.

வால்வ் மேல இருக்கற பேரை வெச்சு நாட்டையோ வருசத்தையோ முடிவு பண்ணாதீங்க. பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வால்வ் செருகியிருந்தா நடுவுல யாரோ மாத்தியிருக்காங்கன்னு மட்டும்தான் அர்த்தம். ஸ்பீக்கர் காந்தத்து முதுகுல அடிச்ச முத்திரை, அலுமினியக் கேன் கண்டென்சர்ல இருக்கற தேதி, சேஞ்சருக்கு அடியில இருக்கற தகடு, சாசியோட பின்விளிம்பு, இந்த நாலையும் போட்டோ எடுங்க. சாசி நம்பர் கெடைச்சா சர்க்யூட் படம் கெடைக்கும். படம் கெடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. உள்ள ஏதாச்சும் இழுப்பறை இருந்தா அதையும் பாருங்க, போஸ்டாபீஸ் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கெடந்தா செட்டு எந்த வருசம் நம்மூர்ல ஓடிட்டிருந்துதுன்னு முத்திரை சொல்லும்.

சோலையார்:
இந்த மாதிரி சாமான் கொங்குப் பக்கம் ரெண்டு வழியில வந்திருக்கும். ஒண்ணு கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ், பீளமேடு மாதிரி இடத்து மில் முதலாளி பங்களாக்கள். இன்னொண்ணு வால்பாறை, குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் பங்களாக்கள். எங்கிருந்து வந்துதுன்னு விக்கறவங்களைக் கேட்டே ஆகோணும், காரணம் மரம்.

மலையில ஈரக்காத்துல அம்பது வருசம் நின்ன பெட்டியை ஏப்ரல்ல தாராபுரத்து வெயிலுக்கு இறக்குனா மரம் காஞ்சு சுருங்கும், வெனீர் தூக்கும், பாலிஷ்ல நீளநீளமா வெடிப்பு விழும். மழைக்காலம் முடியறப்ப இறக்குங்க. இறக்குனதும் ஜன்னல் இல்லாத உள்ரூம்ல, ஃபேன் காத்து நேரா படாம, மூணு நாலு வாரம் சும்மா நிக்கட்டும். அதுக்குப் பொறவுதான் பசை, பாலிஷ் எல்லாம். உக்கடம் பழைய சாமான் சந்தையில கெடைக்கறதும் இதே கதைதான், வெளியில வெயில்ல கெடந்த பெட்டியை உடனே இழைக்க ஆரம்பிக்கக் கூடாதுங்க.

வால்வ்வெளிச்சம்:
வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. கரண்ட் இல்லாமலே பார்க்கலாம்.

முதல்ல அவுட்புட் வால்வ், அதாவது ஸ்பீக்கரை ஓட்டறது. ஈஎல்84 ரெண்டு இருந்தா சந்தோசம், இன்னைக்கும் புதுசாவே பண்றாங்க. ஈசிஎல்86, ஈசிஎல்82 இருந்தாலும் தேடிப்பிடிக்கலாம். ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு பென்டோடு (அவுட்புட் வால்வ்) வெச்ச ஈஎல்எல்80ன்னு இருந்தா விலை பேசறப்பவே அதை மனசுல வெச்சுக்குங்க. அது அரிது, நல்ல ஈஎல்எல்80 ஒண்ணோட விலையில ஈஎல்84 பல வாங்கலாம்.

அடுத்து அவுட்புட் டிரான்ஸ்பார்மர், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கறது. ஈஎல்84 சாக்கெட்ல 7ஆவது பின்னுக்கும் எச்டி லைனுக்கும் (வால்வுகளுக்குப் போற உயர் வோல்ட் டிசி) நடுவுல ஓம்ஸ் வெச்சா சில நூறு ஓம் காட்டணும், ரெண்டு சேனலும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். முள் அசையலைன்னா பிரைமரி (வால்வ் பக்கத்துச் சுத்து) அறுந்துபோச்சு. ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் 3லிருந்து 4.5 ஓம் வரைக்கும் காட்டும்.

டயல் கண்ணாடி உடைஞ்சிருந்தா மாத்து கெடைக்காது. உடையாம இருந்தா அதைத் துடைக்காதீங்க! எழுத்து கண்ணாடியோட பின்பக்கம் இருக்கும், ஈரத்துணி பட்டாலே ஊரெல்லாம் அழிஞ்சுபோகும். முன்பக்கம் மட்டும், பின்பக்கம் பெயிண்ட் பிரஷ்ல தூசி தட்டறதோட நிறுத்துங்க.

ஊசிமுனை:
சேஞ்சருக்கு என் பங்கு. தட்டுக்கு நடுவுல இருக்கற உயரமான ஸ்பிண்டில் இருக்குதான்னு பாருங்க, அதுதான் முதல்ல தொலையும். டோன் ஆர்ம் தலை, பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் பிடி இருக்குதா பாருங்க. தட்டைக் கையில சுத்துனா இறுக்கமா இருக்கறது பழுது இல்லைங்க, கிரீஸ் கெட்டியாயிருக்கும். கியர் பல் உடைஞ்சிருந்தாதான் கவலை.

அமெரிக்கக் கன்சோல் யாராச்சும் வாங்கறதா இருந்தா ஒண்ணு. அது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல 33⅓ சுத்த வேண்டியது 27.8தான் சுத்தும், பாட்டு இழுவையா வரும். மோட்டார் புல்லியை 20 சதம் பெருசா லேத்துல கடைஞ்சு போட்டாதான் சரியாகும். மெயின் டிரான்ஸ்பார்மரும் 50 ஹெர்ட்ஸ்ல கூடுதலா சூடாகும்.

நொய்யல்:
நடுவுல ஒரு கேள்விங்க. திருப்பூர்ல இன்டீரியர் வேலை பண்றவங்க சாசியைக் கழட்டிட்டு உள்ள ப்ளூடூத் ஆம்பு வெச்சுக் குடுக்கறாங்க. பார்க்க நல்லாத்தானே இருக்குது? வால்வ், டிரான்ஸ்பார்மர்னு இவ்வளவு மெனக்கெடோணுமா?

சோலையார்:
வேண்டாமுங்க தம்பி, தயவுசெஞ்சு. பெட்டி, சாசி, ஸ்பீக்கர் மூணையும் ஒண்ணுக்கொண்ணு அளவு பார்த்துப் பண்ணியிருக்காங்க. கழட்டுன சாசி கிலோக் கணக்குல பழைய இரும்புக்குப் போகுது, அதுக்கப்புறம் அந்த மாடலே ஊர்ல இருக்காது. ஒரு தடவை அறுத்த டயல் பலகையைத் திருப்பிச் சேர்க்க யாராலயும் ஆகாது. ப்ளூடூத் வேணும்னா எதையும் வெட்டாம வைக்க வழி இருக்குது.

வால்வ்வெளிச்சம்:
அந்த வழி: பின்னாடி டிபி அல்லது டிஏன்னு அஞ்சு பின் டின் சாக்கெட் இருக்கும். 3ஆவது பின் இடது, 5ஆவது வலது, 2ஆவது எர்த். ப்ளூடூத் ரிசீவரோட ஹெட்போன் வயரை அங்க செருகுனாப் போதும். ஆனா செட்டுல தனித்தனி பிரைமரி, செகண்டரி சுத்துன மெயின் டிரான்ஸ்பார்மர் இருக்குதுன்னு உறுதி பண்ணின பொறவுதான். ஆட்டோ டிரான்ஸ்பார்மரோ, டிரான்ஸ்பார்மரே இல்லாத ஏசி/டிசி செட்டோ ஆனா சாசியிலேயே மெயின் கரண்ட் நிக்கும், ரிசீவர் வழியா கைக்கு வந்துரும். வால்வ் பேர் யூவுல ஆரம்பிச்சா, அதாவது யூசிஎல்82, யூஒய்85 மாதிரி இருந்தா, ரொம்ப ஜாக்கிரதை. பிளக்கை உருவிட்டு, ஆன் சுவிச்சைப் போட்ட நிலையில, பிளக்கோட ரெண்டு பின்னுக்கும் சாசிக்கும் ஓம்ஸ் வெச்சுப் பாருங்க. முள் அசையவே கூடாது.

அமராவதிக்கரை:
சாமான் ஊட்டுக்கு வந்துருச்சுங்க. உள்ரூம்ல நிக்குது. வால்வ்: ஈசிசி85, ஈசிஎச்81, ஈபிஎஃப்89, ஈஏபிசி80, ஈசிசி83, ஈஎல்84 ரெண்டு, ஈஎம்84. ரெக்டிஃபையர் வால்வ் இல்லை, சாசி ஓரத்துல தட்டையா ஒரு கட்டி திருகி வெச்சிருக்குது. வோல்டேஜ் செலக்டர் 220ல நிக்குது, மேல போனா 240 இல்லை. மெயின் டிரான்ஸ்பார்மர் தனிச் சுத்துதான், சாசிக்கு முள் அசையலை. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இடது 410 ஓம், வலது முள் அசையலை. ஸ்பீக்கர் எல்லாம் நாலு ஓம் சுத்தி. ஸ்டேஷன் சரியாப் பிடிச்சிருக்குதான்னு காட்டற பச்சைக் கண்ணு வால்வ், ஈஎம்84, கண்ணாடி நல்லா இருக்குது. அடுத்து?

வால்வ்வெளிச்சம்:
எலிக் கூடு முதல்ல. மாஸ்க், கையுறை போட்டு எடுங்க. எலி மூத்திரம் பட்ட இடம் துருவா இருக்கும், பிரஷ்ல தட்டி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில துடைங்க. தண்ணி கூடாது. ரப்பர் உறை போட்ட வயர் விரல் பட்டாலே உதிரும், அது எல்லாத்தையும் மாத்தோணும்.

அந்தத் தட்டைக் கட்டிதான் செலினியம் ரெக்டிஃபையர். வயசாச்சுன்னா உள்தடை ஏறிப் புகைஞ்சு போகும், அந்தப் புகை நச்சு, நாத்தமும் தாங்காது. அதை இருந்த இடத்துலயே விட்டுட்டு வயரை மட்டும் கழட்டி, அடியில 1என்4007 நாலு வெச்சு பிரிட்ஜ் கட்டுங்க. சிலிகான்ல இறக்கம் ரொம்பக் கம்மிங்கறதால எச்டி ஏறிப்போகும். அதனால வரிசையில 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு, படத்துல சொன்ன எச்டி வர்ற மாதிரி ஏத்தி இறக்குங்க.

மாத்த வேண்டிய கண்டென்சர்:
– ஈஎல்84ஓட 2ஆவது பின்னுக்கு வர்ற கப்ளிங் ரெண்டும். இதுல ஒரு சொட்டு டிசி கசிஞ்சாலும் வால்வ் செவந்து, டிரான்ஸ்பார்மரும் போகும். உங்க வலது பக்கம் அறுந்ததுக்கு இதுவே காரணமா இருக்க நெறைய வாய்ப்பு. பழைய மதிப்பையே போடுங்க, 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன்.
– மெழுகு, தார் பூசுன பேப்பர் கண்டென்சர் எல்லாம்.
– மெயின்ஸுக்குக் குறுக்க இருக்கறது எக்ஸ்2 வகை, மெயின்ஸ்லிருந்து சாசிக்குப் போறது ஒய்2 வகை. சாதாரண 630 வோல்ட் கண்டென்சர் இங்க கூடவே கூடாது.
– எச்டி கேன். 50+50 இருந்தா 47 மைக்ரோ, 450 வோல்ட், 105 டிகிரி ரெண்டு வாங்கிச் சாசிக்கு அடியில வைங்க. கேனை வெளியில அழகுக்கு விட்டுருங்க, வயரை மட்டும் விலக்குங்க.

ஈஇசட்80, ஈஇசட்81 வால்வ் ரெக்டிஃபையர் இருக்கற செட்டுக்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோவைத் தாண்டக் கூடாது. 'ஹம் (உறுமல் சத்தம்) போகட்டும்'னு 220 மைக்ரோ போட்டா ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் வால்வ் அடி வாங்கி, சீக்கிரமே உள்ள தீப்பொறி அடிக்கும்.

ஐஎஃப் கேனுக்குள்ள (ரேடியோ பகுதியில இருக்கற ட்யூனிங் காயில் டப்பா) இருக்கற மைக்கா, ஸ்டைரோஃப்ளெக்ஸ், பீங்கான் கண்டென்சரைத் தொடாதீங்க, அதுக நல்லாவே இருக்கும். ஐஎஃப் காயில் கோரை ஸ்க்ரூடிரைவர்ல திருகறது இன்னும் மோசம். பழைய ஃபெரைட் வெடிச்சுப் போச்சுன்னா வெளிய வராது.

நொய்யல்:
எல்லாத்தையும் மாத்திப்போட்டா அது பழைய செட்டா? எலக்ட்ரோலிட்டிக்கை, அதான் அந்த எச்டி கேனை, மெதுவா வோல்ட் ஏத்தி ரீஃபார்ம் பண்ணலாம்னு படிச்சேனுங்க.

வால்வ்வெளிச்சம்:
பண்ணலாம். டிம்மர்ஸ்டாட்ல (வோல்ட்டை ஏத்தி இறக்கற டிரான்ஸ்பார்மர்) கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, கசிவைப் பார்த்துப் பார்த்துப் பண்ணோணும். கண்காட்சியில வைக்கற, வருசத்துக்கு ஒருக்கா போடற செட்டுன்னா சரி. தினமும் ஊட்டுல பாட்டு கேக்கற செட்டுக்கு வேண்டாங்கறது என் முடிவு. காஞ்சுபோன கேன் ஷார்ட் ஆனா, மறுபடி செய்ய முடியாத மெயின் டிரான்ஸ்பார்மரையும் இழுத்துட்டுப் போகும். கழட்டுனதை ஒரு கவர்ல போட்டுப் பெட்டிக்குள்ளயே வெச்சிருங்க, பின்னாடி யாராச்சும் பார்க்கட்டும்.

பீளமேடு காயில்:
வலது டிரான்ஸ்பார்மருக்கு வர்றேன். கட்டறதுக்கு முன்னாடி மேல் காகிதத்தைப் பிரிச்சு, வெளிய வர்ற வயர் சுத்தோட சேர்ற இடத்தைப் பாருங்க. மலை ஈரத்துல அந்த முட்டுலதான் பச்சை பூத்து அறுகும். அங்க அறுந்திருந்தா ஒரு சொட்டு ஈயத்துல முடிஞ்சுது.

உள்ள அறுந்திருந்தா, நம்மூர்ல மோட்டார் காயில் கட்டற கடை தெருவுக்குத் தெரு இருக்குது, ஆனா சும்மா குடுத்துட்டு வந்துராதீங்க. மூணு விசயம் எழுதிக் குடுங்க.

ஒண்ணு, பிரிக்கறப்பவே சுத்தை எண்ணோணும், கம்பியை மைக்ரோமீட்டர்ல அளக்கோணும். எண்ணிக்கை தவறிப்போச்சுன்னா விகிதத்துல பிடிக்கலாம். ஈஎல்84 ஒண்ணுக்கு 5.2 கிலோ ஓம் சுமை வேணும். ஸ்பீக்கர் 5 ஓம்னா 5200ஐ 5ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 32, அதனால 32க்கு 1. 4 ஓம்னா 36க்கு 1. மீட்டர் காட்டற டிசி ஓம் எப்பவும் ஸ்பீக்கரோட பேர் ஓம்ஸை விடக் கொஞ்சம் கம்மி, நாலு காட்டுனா அது 5 ஓம் ஸ்பீக்கர்னு எடுத்துக்குங்க.

ரெண்டு, பாதி பிரைமரி, செகண்டரி, மறுபடி பாதி பிரைமரின்னு சுத்தோணும். பிரைமரி முழுசையும் ஒரே மூச்சுல சுத்தி மேல செகண்டரி போட்டா மேல் சுரம் மங்கிப்போகும்.

மூணாவதுதான் அடிக்கடி கெடறது. இ தகடு எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடு எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவுல பழைய காகிதத் துண்டு. மெயின் டிரான்ஸ்பார்மர் பழக்கத்துல தகட்டை மாத்தி மாத்திச் சொருகிருவாங்க. இதுல டிசி ஓடறதால அந்தக் காகித இடைவெளி இல்லைன்னா இரும்பு நிறைஞ்சு, கீழ் சுரமே வராது. காகிதத் தடிமனை மாத்தக் கூடாது.

மாட்டி ஆன் பண்ணுனதும் 'ஊ'ன்னு கத்துனா பயந்துக்க வேண்டாம். செகண்டரிலிருந்து ஃபீட்பேக் போற செட்டுல முனை மாறிப்போனா அப்படித்தான் கத்தும். செகண்டரி ரெண்டு வயரையும் மாத்திப் போடுங்க.

கோபித்தச்சு:
மரத்துக்கு இப்ப சொல்றேனுங்க. சாண்டர் மெசினை அக்கட்டால வைங்க. இந்த வெனீர் முக்கால் மில்லி இருந்தாலே அதிகம். மெசின் ரெண்டு தடவை போனா கீழ்ப் பலகை தெரிஞ்சுரும், பொறவு பெட்டியவே வெனீர் மாத்தோணும்.

முதல்ல எந்தப் பாலிஷ்னு கண்டுபிடிங்க. மூடிக்கு உள்பக்கம், கண்ணுல படாத இடத்துல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுப் பத்து எண்ணற வரைக்கும் வைங்க. பிசுபிசுத்தா அது அவலரக்கு, பிரெஞ்ச் பாலிஷ். ஒட்டலைன்னா தின்னர். அதுல இளகுனா என்சி லாக்கர். ரெண்டுக்கும் அசையாம நின்னா பாலியெஸ்டர். 50கள் கடைசியிலிருந்து வந்த ஜெர்மன் மினுக்குப் பெட்டி பெரும்பாலும் பாலியெஸ்டர்தான்.

பாலியெஸ்டரைக் கரைக்க முடியாது, கரைக்கவும் வேண்டாம். ஓரத்துல பேந்த இடத்துல நிறமில்லாத பாலியெஸ்டர் ரெசினைக் கொஞ்சம் மேடா ஊத்தி, கெட்டியானதும் 800, 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர், சின்ன மரக்கட்டையில சுத்தி, சோப்புத் தண்ணி தொட்டு இழைங்க. கடைசியில கார் டிங்கரிங் பட்டறையில போடற ரப்பிங் காம்பவுண்ட். மேல் மினுக்கு மங்கியிருந்தா காம்பவுண்ட் மட்டுமே போதும். அவலரக்குப் பெட்டின்னா ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150லிருந்து 200 கிராம் அரக்கு, ஒரு ராத்திரி ஊறவெச்சுத் துணியில வடிகட்டி, ரொம்ப மெலிசாப் பல கை ஓட்டோணும். மழை நாள்ல ஓட்டுனா வெள்ளை பூத்துப்போகும்.

வெனீர் தூக்குன இடம்: பழைய பசையைச் சுரண்டிச் சுடுதண்ணி ஒரு சொட்டு விடுங்க. ஒட்டுனா அது வஜ்ஜிரம், அதாவது தோல், எலும்புல காச்சுன பசை. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வெச்சு அழுத்துனா பழைய பசையே திரும்பப் பிடிக்கும். ஆனா பாலியெஸ்டர் மூடுன முகத்துல இஸ்திரிப் பெட்டி ஆகாது, ஜெர்மன் பெட்டியில பெரும்பாலும் சூட்டுக்கு இளகாத பசைதான் இருக்கும். அங்க வெனீர் ரேகை போற திசையிலயே பிளேடுல கீறி, ஊசியில ஃபெவிகால் ஏத்தி, மெழுகுத்தாள், தட்டைப் பலகை, மேல கிளாம்பு, மறுநாள் வரைக்கும்.

அடிப்பலகை சிப் போர்டா இருந்து, வீடு துடைச்ச தண்ணி ஏறிக் கால் பக்கம் உப்பியிருந்தா, உப்புன பகுதியை அறுத்து அதே கனத்துல பிளைவுட் பூட்டுங்க. கால் திருகு சிப் போர்டுல மறுபடி நிக்கவே நிக்காது. மாவு மாதிரி தூள் கொட்டுனா உளு உயிரோட இருக்குதுன்னு அர்த்தம். ஒவ்வொரு ஓட்டையிலயும் உளு மருந்தை ஊசியில ஏத்தி, மெழுகுல அடைச்சு, ஒரு மாசம் கழிச்சுப் புதுத் தூள் விழுதான்னு கீழ கறுப்புக் காகிதம் விரிச்சுப் பாருங்க.

பின்பலகை 3 மில்லி ஹார்டுபோர்டு, வால்வுக்கு நேரா மேலயும் கீழயும் வரிசையா ஓட்டை. ஓட்டையில்லாம மூடுனா வெக்கை வெளிய போகாது.

கரூர்த்தறி:
ஸ்பீக்கர் துணிக்கு யாரும் ஜமக்காளம் பக்கம் போகாதீங்க, பவானித் துணி எவ்வளவு அழகா இருந்தாலும் நெசவு அடர்த்தி. துணியை வாய்க்கு நேரா பிடிச்சு ஊதுங்க, அந்தப் பக்கம் கையில காத்து தடையில்லாம படோணும். எங்கூர்ப் பக்கம் ஏற்றுமதித் துணிக் கடையில தளர்வா நெய்ஞ்ச பருத்தி, சணல் கலந்த துணி மீட்டர் கணக்குல கெடைக்கும். முதல்ல துவைச்சுச் சுருக்கிட்டு இஸ்திரி போட்டு வெட்டுங்க. பின்னால இருக்கற பலகைக்கு மங்கல் கறுப்பு பெயிண்ட் அடிச்சுருங்க, இல்லைன்னா ஸ்பீக்கர் ஓட்டை வெள்ளையாத் தெரியும். நடுவுலிருந்து ஓரத்துக்கு இழுங்க, மூலை கடைசி.

பழைய துணி கிழியாம இருந்தா அதை எடுக்கவே வேண்டாமுங்க. மெல்லிசா வேக்குவம் போட்டாப் போதும். அந்தப் பொன்னிழை நெசவு இப்பக் கெடைக்கறதில்லை.

அமராவதிக்கரை:
ரொம்ப நன்றிங்க்கா. சேஞ்சர் ஒண்ணு பாக்கி, அப்புறம் முதல்ல கரண்ட் குடுக்கற முறை சொல்லுங்க.

ஊசிமுனை:
தட்டுக்கு அடியில இருக்கற பழைய கிரீஸ் பிசினாட்டம் ஆயிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ல எல்லாத்தையும் எடுத்து, துடைச்சு, உராயற தகடுகள்ல மட்டும் புது கிரீஸ் மெலிசா. மோட்டார் புஷ்ஷுக்குத் தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு. ஐட்லர் ரப்பர்ல (மோட்டார் சுத்தைத் தட்டுக்குக் கடத்தற சக்கரம்) எண்ணெய் படக்கூடாது. ரப்பர் மினுமினுன்னு கெட்டியாயிருந்தா 400 பேப்பர்ல லேசா உரசி, ஆல்கஹால்ல துடைங்க. பள்ளம் விழுந்திருந்தா 'டக்டக்'னு சத்தம் வரும், அதுக்குப் புது ரப்பர்தான்.

வேகம் பார்க்க 50 ஹெர்ட்ஸ் ஸ்ட்ரோப் வட்டம் (கோடு போட்ட வட்டம், வேகம் சரின்னா விளக்குச் சிமிட்டல்ல கோடு நின்னாப்ல தெரியும்): 33⅓க்கு 180 கோடு, 45க்கு 133, 78க்கு 77. எல்இடி பல்புக்கு அடியில கோடு நிக்காது, அதோட டிரைவர் சிமிட்டலைப் போக்கிரும். பழைய சோக் வெச்ச ட்யூப்லைட்டோ நியான் விளக்கோ வேணும்.

கார்ட்ரிட்ஜ் கிரிஸ்டல்னா ஈரத்துல செத்திருக்கும். செராமிக் போடுங்க, 4லிருந்து 6 கிராம் பாரம். மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் இந்த ஆர்ம்ல வேண்டாம். பாரமும் ஒத்து வராது, தனி ப்ரீஆம்பும் வேணும். ஊசியில எல்பி பக்கமும் 78 பக்கமும் திருப்பிப் போடற மாதிரி இருக்கும். எல்பி ஊசியை 78 தட்டுல போட்டா அடியில உரசி இரைச்சலா வரும், 78 ஊசி எல்பியைக் கெடுத்துப்போடும். மோனோ கார்ட்ரிட்ஜ்ல ஸ்டீரியோ தட்டைப் போடக்கூடாது, மேலும் கீழும் அசைய இடமில்லாம பள்ளத்தைச் செதுக்கிரும்.

வால்வ்வெளிச்சம்:
கரண்ட் குடுக்கறது: முதல்ல உங்க ஊட்டு வோல்டேஜை ராத்திரியிலயும், தோட்டத்து மோட்டார் எல்லாம் ஓடறப்பவும் அளந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்காது. 240 வந்தா 220 செட்டுல ஹீட்டர் 6.3க்குப் பதிலா 6.9 ஆகும். 18 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒண்ணு வாங்கி, பிரைமரியை மெயின்ஸ்லயும், செகண்டரியை லைனோட வரிசையிலயும் எதிர்முகமா மாட்டுனா 222 கெடைக்கும். 258 வந்தா முனை மாறியிருக்குது, செட்டு மாட்டாம மீட்டர்ல பார்த்துட்டுத்தான் செட்டு.

பொறவு வரிசையில 60 வாட் குண்டு பல்பு, வால்வ் எல்லாம் வெளிய. பல்பு மங்கலா இருக்கோணும், பளிச்சுன்னா உள்ள ஷார்ட். ஹீட்டர் 6.3 பக்கத்துல வருதான்னு பார்த்துட்டு வால்வ் போட்டு 100 வாட் பல்பு. ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்ணாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்பார்மர்ல உள்ளயே பொறி அடிக்கும். ஆஃப் பண்ணுன பொறவும் கண்டென்சர்ல 250 வோல்ட் நிக்கும், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை வெச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பார்த்துட்டுக் கை வைங்க.

எல்லாம் சரின்னா பல்பை எடுத்துட்டு ஈஎல்84: 2ஆவது பின் 0 வோல்ட், 3ஆவது பின் 7லிருந்து 8, 7ஆவது 9ஆவது 250 சுத்தி. எழுதிப் போடுங்க.

அமராவதிக்கரை:
டிரான்ஸ்பார்மர் முட்டுலதான் அறுந்திருந்துது, ஈயம் வெச்சாச்சு. ரெண்டு பக்கமும் பாட்டு வருது. 93.5, 98.3 ரெண்டும் எஃப்எம்ல சுத்தமா வருது, 103 வர்றதில்லை. 3ஆவது பின் இடது 7.2, வலது 9.3. ரெண்டுலயும் 2ஆவது பின் 0.

வால்வ்வெளிச்சம்:
103 வராதது பழுது இல்லை. அந்தக் கால ஜெர்மன் டயல் பலதும் 100ல முடிஞ்சுரும், ட்ரிம்மரை (உள்ள இருக்கற ட்யூனிங் திருகு) திருகி நீட்டாதீங்க. மீடியம் வேவ்ல டயல் முள் சரியான்னு பார்க்க கோவை 999, திருச்சி 936 வெச்சுக்குங்க.

வலது 9.3க்கு: ஆஃப் பண்ணிட்டு, 3ஆவது பின்னுக்கும் சாசிக்கும் ஓம்ஸ் பாருங்க. இடது எவ்வளவு, வலது எவ்வளவு?

அமராவதிக்கரை:
இடது 132, வலது 212.

வால்வ்வெளிச்சம்:
அப்ப வால்வ் நல்லாவே இருக்குது. 9.3ஐ 212ஆல வகுத்தா 44 மில்லி ஆம்பியர், இடது 7.2ஐ 132ஆல வகுத்தா 55. 3ஆவது பின்லிருந்து சாசிக்குப் போற, மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டர்தான் வலதை அடக்கி வெச்சிருக்குது. ரெண்டு பக்கமும் 130 ஓம், 2 வாட் மெட்டல் ஃபிலிம் போடுங்க, கூடவே இருக்கற பைபாஸ் கண்டென்சருக்கு 100 மைக்ரோ 25 வோல்ட், நெகட்டிவ் சாசிக்கு. பொறவு மோனோ தட்டு ஒண்ணு போட்டு, பேலன்ஸ் நடுவுல வெச்சு, பெட்டிக்கு நேரா பத்தடி தள்ளி உக்காந்து கேளுங்க. குரல் நடுவுல நிக்கோணும். கீழ் சுரம் மெலிஞ்சு, குரல் எங்கேன்னே தெரியாம பரவுனா ஒரு பக்கத்து ஸ்பீக்கர் வயர் மாறியிருக்குது. 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டு, கூம்பு வெளிய தள்ளற முனைக்குச் சிவப்புப் புள்ளி வெச்சு, ரெண்டு பக்கமும் ஒண்ணா மாட்டுங்க.